நாக்குக்குத் தண்டனை

'அவன் களி தின்கிறான்' என்று யாராவது சொன்னால் நம் ஊரில் ஒருவரும் அடுப்பங்கரையை எட்டிப் பார்ப்பதில்லை. எந்த ஜெயிலில், எத்தனை வருஷம் என்றுதான் கேட்பார்கள். சிறைவாசத்துக்கு ஒரு பெயர் வைக்க வேண்டுமென்றால் சுவரைச் சொல்லியிருக்கலாம், பூட்டைச் சொல்லியிருக்கலாம். 'கம்பி எண்ணுகிறான்' என்ற பேச்சு இருக்கவே இருக்கிறது. 'மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறார்' என்று கேலியும் செய்வார்கள். ஆனாலும் ஜனங்களின் வாயில் முதலில் வந்து நிற்பது களிதான். சிறை என்பது அடைபடுகிற இடம் என்பதைவிட, கேவலமாகச் சாப்பிடுகிற இடம் என்றே நம் மக்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. களி அப்படியொன்றும் மோசமான சாப்பாடு அல்ல. சேலம், தர்மபுரிப் பக்கத்தில் கேழ்வரகுக் களியை உருட்டி வட்டிலில் வைத்து, நடுவில் விரலால் குழி பறித்து, கீரைக் கடைசலோ கருவாட்டுக் குழம்போ ஊற்றிக் கொடுத்தால், சாப்பிட்டவன் அதை நாலு பேரிடம் சொல்லுவான். இன்று சர்க்கரை வியாதிக்கார கனவான்களுக்கு டாக்டர்களே கேழ்வரகைச் சிபாரிசு செய்கிறார்கள். அப்படியானால் தண்டனை எங்கே இருந்தது? கேழ்வரகில் இல்லை. குழம்பு என்ற பெயரில் வந்த தண்ணீரில் இருந்தது. உப்பில்லாமையில் இருந்தது. இன்றும் அதே, நாளையும் அதே என்ற நினைப்பில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'உனக்கு இது போதும்' என்று எண்ணிக்கொண்டு போடுகிற கையில் இருந்தது.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குப் புதுச்சேரியும் ஒரு காரணம். இங்கிலீஷ்காரன் சிறைக்குத் தப்பி வந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த ஊர் இது. பாரதியார் 1908-ல் வந்தார், பத்து வருஷம் இருந்தார். வ. வே. சு. ஐயர் வந்தார். 1910 ஏப்ரல் 4-ம் தேதி அரவிந்தர் கப்பலில் வந்து இறங்கினார். 1950-ல் காலமாகும் வரை இந்த ஊரைவிட்டுப் போகவில்லை. அவரை யோகி என்று உலகம் அறியும். சிறைச் சோற்றைப் பற்றி இந்தியாவில் எழுதப்பட்ட மிக நல்ல பக்கங்களில் சில அவர் எழுதியவை என்பது பலருக்குத் தெரியாது. கனமான புத்தகங்களுக்கு நடுவே அந்தச் சின்னப் புத்தகம் மறைந்துபோய்விட்டது.

1908 மே 2-ம் தேதி விடியற்காலையில் கல்கத்தாவில் அவரைக் கைது செய்தார்கள். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கு. 1909 மே 6-ம் தேதி குற்றமற்றவர் என்று விடுதலை செய்தார்கள். நடுவே ஒரு வருஷம் அலிப்பூர் சிறை. வெளியே வந்ததும் அந்த அனுபவத்தை வங்காளியில் 'காரா காஹினி', அதாவது சிறைக்கதை என்ற பெயரில் ஒரு மாதப் பத்திரிகையில் தொடர்ந்து எழுதினார். வேறொருவராக இருந்தால் கண்ணீர் விட்டிருப்பார், அல்லது பல்லைக் கடித்திருப்பார். இவர் சிரிக்கிறார்.

காலையில் 'லப்ஸி' என்று ஒரு கஞ்சி கொடுப்பார்களாம். அதற்கு மூன்று ரூபங்கள். ஒரு நாள் வெறும் வெள்ளைக் கஞ்சி. அது கலப்பில்லாத தத்துவ நிலை, பரமசிவனைப் போல வெளுத்தது. இன்னொரு நாள் பருப்போடு சேர்ந்து மஞ்சளாக வரும்; அது ஹிரண்யகர்ப்பம். மற்றொரு நாள் துளி வெல்லத்தோடு சாம்பல் நிறத்தில் வரும். அது விராட் ஸ்வரூபம், அது ஒன்றுதான் மனுஷர் சாப்பிடக் கொஞ்சம் லாயக்கானது. வேதாந்தத்தையும் ஜெயில் கஞ்சியையும் இப்படி ஒரே பானையில் போட்டுக் கிண்ட வேறு யாருக்குத் துணிச்சல் வரும்? மத்தியானச் சோற்றில் உமி, கல், பூச்சி, மயிர் எல்லாம் மசாலாவாகக் கலந்திருந்தன என்கிறார். பருப்பில் தண்ணீர்தான் பெரும்பங்கு. கீரை என்ற பெயரில் புல்லும் தழையும். அந்தக் கீரையின் கறுத்த முகத்தைக் கண்டு பயபக்தியோடு இரண்டு வாய் உண்டு விடைபெற்றுக்கொண்டாராம். ஆனால் கீரை அவரை விடவில்லை. ஒரு பதார்த்தத்தின் ஆட்சி தொடங்கிவிட்டால் வாரம், பட்சம், மாதம் என்று அதுவே நடக்கும்.

இதைவிட எனக்குப் பிடித்தது அவருக்குக் கொடுத்த கிண்ணத்தின் கதை. குடிக்க, குளிக்க, வாய் கொப்பளிக்க, கால் கழுவ, பருப்பு வாங்க என்று எல்லாவற்றுக்கும் ஒரே கிண்ணம். ஜட்ஜாகவும் கலெக்டராகவும் போலீஸாகவும் ஒரே ஆளே எந்த வேஷமும் போடுகிற சிவில் சர்வீஸ் துரைக்கு அதை ஒப்பிடுகிறார். கடைசியில், அருவருப்பு என்ற உணர்ச்சியை ஜெயிப்பதற்கு இதைவிட நல்ல சாதனம் கிடைக்குமா என்றும் கேட்கிறார்.

இங்கேதான் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். இந்த இடத்தைப் படித்துவிட்டு, 'பார்த்தீர்களா, அந்தச் சிறையும் அந்தச் சோறும்தான் அவரை யோகியாக்கின' என்று சொல்லுகிறவர்கள் உண்டு. பக்தியோடுதான் சொல்லுகிறார்கள். ஆனால் அந்தப் பேச்சில் ஒரு பெரிய கோளாறு இருக்கிறது. அடி வாங்கினவன் அந்த அடியைத் தவமாக மாற்றிக்கொண்டான் என்றால் அது அவனுடைய சம்பாத்தியம். அதில் அடித்தவனுக்குப் பங்கு கொடுப்பதற்கு நாம் யார்? அதே சிறையில் அதே லப்ஸியைக் குடித்துவிட்டுத் திருடனாகவே வெளியே போனவர்கள் எத்தனை பேர்? லப்ஸிக்கு யோகியை உண்டாக்கும் சக்தி இருந்தால் இந்நேரம் வங்காளம் முழுவதும் யோகிகளாக இருக்க வேண்டாமா? அரவிந்தரே சிறைக் கண்காணிப்பாளரையும் டாக்டரையும் நல்ல மனிதர்கள் என்று வாயாரப் புகழ்கிறார். அதைக் கவனிக்க வேண்டும். கெட்டவன் ஒருவன் வேண்டுமென்று கல்லைப் பொறுக்கிச் சோற்றில் போடவில்லை. நல்லவர்களே மேலே உட்கார்ந்திருந்தும் சோறு அப்படித்தான் வந்தது. ஏனென்றால் சிறைச் சோறு அப்படி இருப்பதுதான் முறை என்று எல்லோரும் நம்பினார்கள்.

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். காரமில்லாத பருப்பு, சோறு, காய்கறி, தயிர், ரொட்டி, வாழைப்பழம். நம் நாக்குக்கு அது சப்பென்றுதான் இருக்கும். ஊறுகாய்க்கு ஏங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே வரிசையில் நிற்பவர்கள் தாங்களாக வந்து நிற்கிறார்கள். வேண்டாமென்றால் நாலு வீதி தள்ளிப் போய் வேறு எதையாவது சாப்பிடலாம். ஏகாதசி விரதம் இருக்கிறவளும் பட்டினி, சோறு மறுக்கப்பட்டவளும் பட்டினி. வயிற்றுக்கு வித்தியாசம் தெரியாது. மனிதருக்குத் தெரியும்.

சட்டத்தில் இதற்கு ஒரு பெயரே உண்டு. 1894-ம் வருஷத்துச் சிறைச் சட்டத்தில், சிறைக்குள் தப்புச் செய்தவனுக்குக் கொடுக்கத்தக்க தண்டனைகளில் ஒன்றாகத் 'தண்டனை உணவு' சொல்லப்பட்டிருக்கிறது. ஆகாரத்தைக் குறைப்பதுதான். ஆனால் தொடர்ந்து 96 மணி நேரத்துக்கு மேல் கூடாது. புதிய குற்றம் இல்லாமல், ஒரு வாரம் இடைவெளி விடாமல் திரும்பவும் கொடுக்கக் கூடாது. இந்த 96 என்ற எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். இதை எழுதிய அதிகாரிக்குத் தான் எழுதுவது என்ன என்பது தெரிந்திருக்கிறது. தெரியாதவன் கணக்குப் போட்டு நிறுத்தமாட்டான்.

இந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு பழைய சித்தாந்தம் இருக்கிறது. 1834-ல் இங்கிலாந்தில் ஏழைகள் சட்டத்தைத் திருத்தியபோது அது வெளிப்படையாகப் பேசப்பட்டது. தர்மத்தில் சாப்பிடுகிறவனுடைய நிலைமை, வெளியே உழைத்துச் சாப்பிடுகிற மகா ஏழையின் நிலைமையைவிடக் கீழாகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள். தர்ம விடுதிக்கே இந்த விதி என்றால் சிறைக்குக் கேட்க வேண்டுமா? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. உழைப்பவன் கூழ் குடிக்கும்போது திருடன் நெய்ச்சோறு சாப்பிடலாமா என்று நம் திண்ணையிலும் கேட்பார்கள்.

ஆனால் இந்த விதியைப் பஞ்ச காலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தாது வருஷத்துப் பஞ்சம் நம் பாட்டிமார்களின் பேச்சில் வெகுகாலம் இருந்தது. 1877-ல் சென்னை மாகாணத்தில் நிவாரண வேலைக்கு வந்த ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கு ஈடான கூலி போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் கட்டளை செய்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். அதை வைத்துக்கொண்டு மண் வெட்ட வேண்டும், கல் சுமக்க வேண்டும். மாகாணச் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் இது உயிரைக் காப்பாற்றாது என்று போராடினார். சில மாதங்களுக்குப் பிறகு சென்னை அரசு அந்த அளவைக் கைவிட்டது. அதற்குள் போன உயிர் போனதுதான். இப்போது அந்தச் சித்தாந்தத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். வெளியே இருக்கிறவனுக்கு ஒரு பவுண்டு என்றால் கைதிக்கு எவ்வளவு? முக்கால் பவுண்டா? வெளியே சாகிறார்கள் என்றால் உள்ளே இன்னும் சீக்கிரம் சாக வேண்டுமா? ஏழையின் தட்டை அளவுகோலாக வைத்துக் கைதியின் தட்டைக் குறைக்கச் சொல்லுகிறவர்கள், ஏழையின் தட்டு ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்பதே இல்லை. இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்துகொண்டிருந்தால் அளக்கிறவனுடைய தட்டை யாரும் பார்க்கமாட்டார்கள் அல்லவா?

பிரெஞ்சுக்காரர்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு. வெறும் ரொட்டியும் தண்ணீரும் என்பது அவர்கள் சிறையிலும் பள்ளிக்கூடத்திலும் பழைய தண்டனை. விக்டர் ஹியூகோ தம் கிழவயதில் பேரக் குழந்தைகளைப் பற்றி எழுதிய பாடல்களில் ஒன்று இதைப் பற்றியது. 1877-ல், அதாவது நம் பஞ்ச வருஷத்திலேயே அந்தப் புத்தகம் வெளிவந்தது என்பது தற்செயல்தான். பேத்தி ழான் ஏதோ குறும்பு செய்ததற்காக இருட்டறையில் வெறும் ரொட்டியோடு உட்கார வைக்கப்படுகிறாள். தாத்தா யாருக்கும் தெரியாமல் ஒரு ஜாடி ஜாம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறார். வீட்டில் உள்ளவர்கள் அவர்மேல் பாய்கிறார்கள். குடும்ப ஒழுங்கு என்ன ஆவது என்கிறார்கள்.

இது நம் வீடுகளில் நடக்காததா? 'இன்றைக்கு உனக்குச் சோறு கிடையாது' என்று அம்மா கத்துவாள். ராத்திரி எட்டு மணிக்குப் பாட்டி சாதத்தைப் பிசைந்து உருண்டையாகக் கையில் வைத்து, புழக்கடைப் பக்கம் கூப்பிடுவாள். அம்மாவுக்கும் அது தெரியும். பாட்டி ஒருத்தி இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் அம்மா அவ்வளவு கண்டிப்பாகப் பேசுகிறாள். குடும்பத்தில் சோற்றை வைத்துத் தண்டிப்பது பெரும்பாலும் கடைசிவரை போகாமல் நிற்பதற்கு இதுதான் காரணம். அரசாங்கத்துக்குப் பாட்டி கிடையாது. அதன் சமையலறைக்குப் புழக்கடை வாசலும் கிடையாது.

நம் காலத்தில் இந்த விஷயம் விஞ்ஞானமாக வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் ஆர்கன்ஸா மாகாணச் சிறைகளில் 'குரூ' என்று ஒரு பதார்த்தம் இருந்தது. இறைச்சி, உருளைக்கிழங்கு, முட்டை, காய்கறி, கொழுப்பு, சர்க்கரைப் பாகு எல்லாவற்றையும் ஒன்றாக மசித்து, தட்டில் ஊற்றிச் சுட்டு, துண்டு போட்டுக் கொடுப்பார்கள். தனிக்கொட்டடியில் இருந்தவனுக்கு ஒரு நாளைக்கு அதில் ஆயிரம் கலோரிக்கும் குறைவு. வழக்கு அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய் 1978-ல் தீர்ப்பாயிற்று. அசுத்தமான அறையும் குரூவும் சில நாள் என்றால் பொறுத்துக்கொள்ளலாம், வாரக்கணக்கில் மாதக்கணக்கில் என்றால் கொடுமை என்பது நீதிபதிகளின் கருத்து. நம் 96 மணி நேரத்துக்கு அது அண்ணன் முறை.

அதற்குப் பிறகு வந்த ரொட்டிக்கட்டி இன்னும் சாமர்த்தியமானது. இதில் கலோரி குறையாது, வைட்டமின் குறையாது. காய்கறி, பயறு, ரொட்டித்தூள் எல்லாம் அரைத்துச் சுட்ட ஒரு கட்டி. கரண்டி, தட்டு எதுவும் வேண்டாம். கையால் பிய்த்துத் தின்ன வேண்டியது. வேளாவேளைக்கு அதுவே. தட்டை வீசி எறிகிறவன், காவலாளிமேல் அசுத்தத்தைக் கொட்டுகிறவன், இவர்களை வேறு என்ன செய்வது என்று சிறை அதிகாரிகள் கேட்டார்கள். அந்தக் காவலாளியின் கஷ்டத்தையும் நாம் லேசாக நினைத்துவிடக் கூடாது. ஆனாலும் நியூயார்க் மாகாணம் 2015-ல் ஒரு வழக்குச் சமரசத்தில் இதை நிறுத்த ஒப்புக்கொண்டது.

இந்தக் கட்டிதான் கேள்வியைச் சுத்தமாக உரித்துக் காட்டுகிறது. பட்டினி இல்லை. சத்துக் குறைவு இல்லை. எடுத்துக்கொண்டது ருசி ஒன்றை மட்டும். அப்படியானால் ருசி என்பது ஆடம்பரமா? மனிதனிடமிருந்து அதை மட்டும் பிடுங்கிக்கொண்டால் என்ன போய்விட்டது?

எனக்குத் தோன்றுவதைச் சொல்லுகிறேன். நமக்கு நாட்கள் நாக்கின் வழியாகத்தான் வருகின்றன. அமாவாசை என்றால் வாழைக்காய்க் கறி. பொங்கல் என்றால் பரங்கிக்காயும் மொச்சையும். ஞாயிற்றுக்கிழமை என்றால் சில வீடுகளில் அம்மியில் மசாலா அரைபடுகிற மணம். மழை பெய்தால் ஒன்று, மாப்பிள்ளை வந்தால் ஒன்று, துக்கம் நடந்தால் ஒன்று. ஒரு வருஷம் முழுவதும் ஒரே பதார்த்தத்தைக் கொடுத்தால் அவனுக்கு வருஷமே கிடையாது. ஒரே நாள்தான், அது முடியாத நாள். தண்டனையை நாள் கணக்கில் எண்ணிக் கொடுக்கிற அரசாங்கம், எண்ணுவதற்கு நாளே இல்லாமல் செய்துவிடுகிறது. அலிப்பூரில் மாதக்கணக்கில் வந்த கீரையை அரவிந்தர் ஒரு ராஜவம்சத்தின் ஆட்சியாகச் சொன்னது வெறும் ஹாஸ்யம் அல்ல என்று நினைக்கிறேன். கதாசிரியர்கள் சிறையை எழுதினால் இருட்டையும் சங்கிலியையும் எழுதுகிறோம். சாப்பாட்டை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறோம்.

சோற்றைச் சாட்டையாக எடுத்தவனுக்குக் கைதி கொடுத்த பதில் ஒன்று உண்டு. வேண்டாம் என்று சொல்லிவிடுவது. அரசியல் கைதிகளுக்கு மனிதர் உண்ணக்கூடிய உணவும் மரியாதையும் கேட்டு லாகூர்ச் சிறையில் உண்ணாவிரதம் இருந்த ஜதீந்திரநாத் தாஸ், 63 நாட்களுக்குப் பின் 1929 செப்டம்பர் 13-ல் உயிர் விட்டார். 1933-ல் அந்தமானில் உண்ணாவிரதம் இருந்தவர்களில் மூன்று பேர், பலவந்தமாகப் பால் புகட்டியதில் இறந்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே அரசாங்கம் கைதிகளை ஏ வகுப்பு, பி வகுப்பு, சி வகுப்பு என்று பிரித்தது. தேசத்துக்காக ஒன்றாகப் போனவர்கள் உள்ளே போய்ச் சாப்பாட்டில் மூன்றானார்கள். இதைப் பற்றிச் சங்கடப்பட்டு எழுதியிருக்கும் தேசபக்தர்கள் உண்டு, சங்கடப்படாதவர்களும் உண்டு.

இதெல்லாம் சரி, கொலை செய்தவன் விஷயம் என்ன? இது உண்மையான கேள்வி. இதைத் தாண்டிப் போகிறவன் நேர்மையானவன் அல்ல. இன்று தமிழ்நாட்டுச் சிறைகளில் களி அன்றாட உணவாக இல்லை. சோறும் குழம்பும், கோழிக்கறி கூட உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் அதைப் பத்திரிகையில் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'என் பிள்ளை மண்ணுக்குள் கிடக்கிறான். அவனைக் கொன்றவனுக்குக் கோழிக்கறியா?' என்று அவள் கேட்டால் நான் என்ன சொல்லுவேன்? சட்டப்புத்தகத்தைக் காட்டமாட்டேன். அவள் கேட்பது தப்பென்றும் சொல்லமாட்டேன். அவளுக்குப் பிறகு கோழிக்கறி எந்த வீட்டிலும் ருசிக்கப் போவதில்லை.

ஆனால் அவளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை என்பதற்காக ஜெயில் சமையற்காரன் கையில் தீர்ப்பை ஒப்படைத்துவிட முடியுமா? நீதிபதி பத்து வருஷம் என்றார். பத்து வருஷமும் கல் கலந்த சோறு என்று அவர் சொல்லவில்லை. அதைச் சேர்த்தது யார்? அப்புறம் இன்னொன்று. ஜெயிலில் பானை ஒன்றுதான். அதிலிருந்து கொலைகாரனும் சாப்பிடுகிறான். ஜாமீனுக்கு ஆள் கிடைக்காத கூலிக்காரனும் சாப்பிடுகிறான். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு விசாரணைக் கைதிகள். அவர்கள் குற்றவாளி என்று எந்த நீதிபதியும் இன்னும் சொல்லவில்லை. அந்தத் தாயின் கோபத்துக்காகக் குழம்பில் தண்ணீரை ஊற்றினால், முதலில் அதைக் குடிக்கப்போகிறவன் அவள் பிள்ளையைக் கொன்றவன் அல்ல. அரவிந்தர் லப்ஸி குடித்ததும் அப்படித்தான். ஒரு வருஷம் தண்டனையை அனுபவித்த பிறகு குற்றமில்லை போ என்றார்கள்.

சமையற்காரன் என்றேன். அவனும் கைதிதான். அவன் யாராக இருக்க வேண்டும் என்பதற்குக்கூட நம் சிறை விதிகளில் ஜாதி இருந்தது. சமைப்பதற்கு ஒரு ஜாதி, கூட்டுவதற்கும் கழுவுவதற்கும் இன்னொரு ஜாதி. சுதந்திரம் வந்து எழுபத்தேழு வருஷத்துக்குப் பிறகு, 2024 அக்டோபர் 3-ல்தான் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. கெட்ட சாப்பாட்டில்கூட யார் கை பட்டது என்று பார்த்திருக்கிறோம்!

புதுச்சேரியின் பழைய சிறை நேரு வீதியில், கடைத்தெருவின் இரைச்சலுக்கு நடுவே இருந்தது. இப்போது சிறை நகருக்கு வடக்கே காலாப்பட்டில் இருக்கிறது. அங்கே கைதிகள் நிலத்தைப் பண்படுத்தி ரசாயன உரமில்லாமல் காய்கறி பயிர் செய்கிறார்கள் என்று பத்திரிகையில் படித்தேன். நல்ல செய்திதான். பயிர் செய்தவர்கள் தட்டுக்கு அந்தக் காய் எவ்வளவு வருகிறது, தாளிக்க எவ்வளவு எண்ணெய் கொடுக்கிறார்கள், வாரத்தில் எத்தனை நாள் குழம்பு மாறுகிறது என்ற விவரம் அந்தச் செய்தியில் இல்லை. ஒரு நாள் அந்தப் பக்கம் போனால் விசாரிக்க வேண்டும்.